மலைக் கிராமத்துக்குப் போகிறீர்களா? முதல் போகம் பார்ப்பதற்கு!

வேளாண் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவ, மாணவியர் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் ஆண்டுதோறும் கிராமங்களுக்கு வந்து தங்குகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஏழு நாள் வந்து போகிறவர்கள் உண்டு. நகர வேலையை விட்டுவிட்டு, ஓராண்டோ ஈராண்டோ மலைக் கிராமத்தில் தங்கி உழைக்க வேண்டும் என்று வருகிற இளைஞர்களும் உண்டு. புதிதாகப் பணியில் சேர்ந்து மலை வட்டாரத்துக்கு அனுப்பப்படும் உதவி வேளாண்மை அலுவலரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ஊர் புதிது, மண் புதிது, மனிதர்களும் புதிது.

இப்படி வருகிறவர்களுக்கு ஆர்வத்தில் குறை இருப்பதில்லை. வந்த மாதமே ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்ற அவசரம்தான் சிக்கல். மலையில் பெரும்பாலும் மானாவாரி. ஆண்டுக்கு ஒரு போகம் தவறினால் மறுபடி விதைக்க அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டும். வெளியாள் சொன்ன யோசனை பொய்த்துப்போனால் அவர் காலைப் பேருந்தில் ஊர் திரும்பிவிடலாம். அதை நம்பி விதைத்தவர் அந்த ஆண்டு முழுவதும் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்க வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ள விரிவாக்கப் பணியாளர்கள் புதியவர்களிடம் முதலில் சொல்வது: "முதல் போகம் பார்ப்பதற்கு, இரண்டாவது போகம் பேசுவதற்கு."

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையை எடுத்துக்கொண்டு, இதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று பார்ப்போம்.

மலையின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன், தெற்கே உயரமாக இருப்பது பெரிய கல்வராயன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலையேறினால் ஒன்றியத் தலைமையிடமான வெள்ளிமலை வரும். இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு.

இந்த மலை நெடுங்காலம் ஜாகிர்தாரர்களின் பிடியில் இருந்தது. 1976-ம் ஆண்டில்தான் அரசு அதைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. அதற்கு முன் இங்கே உழுதவர்கள் ஜாகிருக்குத் தானியமும் கொடுத்தார்கள், கூலியில்லா வேலையும் செய்தார்கள். அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அறிமுகமில்லாத ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து "உங்களுக்கு எத்தனை ஏக்கர்? பட்டா யார் பெயரில்?" என்று கேட்டால் முகம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். கணக்கெடுப்பை முதல் வாரத்தில் தொடங்காதீர்கள்.

இன்னொரு காயமும் இருக்கிறது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. மலை என்றாலே சாராயம் என்று பேசும் பழக்கம் கீழே இருக்கிறது. அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு மலையேறினால் ஒரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார முடியாது. மழையை நம்பிச் சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காயும் புளியும் பொறுக்கி விற்று, வேலை இல்லாத மாதங்களில் வெளியூருக்குக் கூலிக்குப் போகும் குடும்பங்களைத்தான் நீங்கள் அங்கே பார்க்கப் போகிறீர்கள்.

முதல் மூன்று மாதம்

வெளியூருக்குத் தன்னார்வலராகப் போய்த் தங்குவது உலகம் முழுவதும் இருக்கிற வழக்கம். அமெரிக்கா 1961-ம் ஆண்டில் 'பீஸ் கோர்' என்ற அமைப்பைத் தொடங்கி இளைஞர்களை ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் கானா நாட்டின் அக்ரா விமான நிலையத்தில் இறங்கிய முதல் குழுவினர், அந்த ஊர் மக்கள் பேசும் டுவி மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். வந்தவர்கள் தங்கள் மொழியில் வாய் திறந்ததும் வரவேற்க வந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். இன்றும் அந்த அமைப்பில் 27 மாதம் பணி என்றால், ஏறத்தாழ முதல் மூன்று மாதம் பயிற்சிக்கே போய்விடுகிறது. பல நாடுகளில் அந்த மூன்று மாதமும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் மொழியைப் படிக்க வேண்டும்.

நமக்கு மொழிச் சிக்கல் இல்லை என்று நினைக்க வேண்டாம். தமிழ் ஒன்றுதான், சொற்கள் வேறு. விழுப்புரம், கள்ளக்குறிச்சி சமவெளியில் நிலத்தைக் 'காணி' கணக்கில் சொல்வார்கள். ஒரு காணி என்பது ஏக்கரை விடப் பெரியது, சுமார் 1.32 ஏக்கர். மலையிலோ விதைக்கும் தானியத்தின் அளவை வைத்து நிலத்தைச் சொல்லும் வழக்கமும் இருந்திருக்கிறது. வள்ளம், படி என்று அளவைச் சொல்லும்போது அதைக் கிலோவுக்கு மாற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள அளவு பக்கத்து ஊரில் வேறாக இருக்கலாம். இது தெரியாமல் உரப் பரிந்துரை சொன்னால் கணக்கு அடியோடு தவறிவிடும்.

தங்கும் இடத்தை முன்கூட்டியே ஊர்க் கவுண்டரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் பேசி முடிவு செய்யுங்கள். கட்சிக்காரர் ஒருவர் வீட்டிலோ கடன் கொடுப்பவர் வீட்டிலோ தங்கினால், அந்த வீட்டோடு பேசாதவர்கள் உங்களோடும் பேச மாட்டார்கள். மாணவிகள் என்றால் மகளிர் சுயஉதவிக் குழுவினரின் வீடுகளுக்கு அருகில், கழிப்பறை வசதி உள்ள இடமாகப் பார்ப்பது நல்லது. சாப்பாட்டுச் செலவை முதல் நாளே பேசிவிடுங்கள். "பணம் எதற்கு" என்று மறுத்தாலும் மளிகையாகவாவது வாங்கிக் கொடுங்கள்.

வயதில் மூத்தவர்களை அய்யா, அம்மா என்றும், நடுவயதினரை அண்ணா, அக்கா என்றும் அழைத்துப் பழகுங்கள். நீங்கள் பட்டதாரி, அவர் கைநாட்டு என்பதற்காக "வா, போ" என்று பேசும் அலுவலர்கள் முன்பு வந்து போயிருக்கலாம். நீங்கள் அப்படியில்லை என்பது அவர்களுக்கு உங்கள் பேச்சிலிருந்துதான் தெரிய வேண்டும்.

கொதிக்கவைத்த தண்ணீர், டார்ச் விளக்கு, குடை, கம்பளி ஆகியவை இல்லாமல் போகாதீர்கள். கடைசிப் பேருந்து நேரத்தையும், எந்தத் திருப்பத்தில் செல்போன் சிக்னல் கிடைக்கும் என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலும், பாம்பு கடித்தாலும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கொல்லையில் கற்றுக்கொள்ளுங்கள்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது சமவெளிக்கும் மலைக்கும் பொது. ஆனால் மலையில் சரிவின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், ஓடை ஓரம் என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் விதைப்பு நாள் மாறும். அதைப் புத்தகத்தில் தேட முடியாது. விதைப்பு, களையெடுப்பு, காவல், அறுவடை ஆகிய நான்கிலும் ஒருமுறையாவது கூடவே வேலை செய்யுங்கள். வேகமாக உங்களால் முடியாது. அதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்துப் பேசும்போதுதான் பல விஷயங்கள் வெளியே வரும்.

காலையில் பேசுவதை விட மாலையில் பேசுவது பலன் தரும். காலையில் எல்லோருக்கும் வேலை இருக்கும். ஒரு நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன பயிர் நிலத்தில் இருக்கிறது, வீட்டில் எந்தத் தானியம் இருப்பு, எப்போது கடன் வாங்குகிறார்கள், எப்போது ஆண்கள் வெளியூர் போகிறார்கள், எந்த மாதம் தண்ணீருக்கு அலைகிறார்கள் என்று எழுதி வாருங்கள். பன்னிரண்டு பக்கம் நிறையும்போது அந்த ஊருக்கு எது தேவை என்பது உங்களுக்கே தெளிவாகும்.

பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று கல்லூரியில் கற்றுத் தருகிறார்கள். கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் போடுவதும் அதில் ஒன்று. அதில் ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள். கோலப்பொடியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளாமல் ஊர்ப் பெண்களிடம் கொடுத்துவிடுங்கள். ஆண்கள் வரைந்தால் எல்லைக்கல்லும் பாதையும் கோயிலும் முதலில் வரும். பெண்கள் வரைந்தால் தண்ணீர் எடுக்கும் இடமும் விறகுக்குப் போகும் தடமும் முதலில் வருவதைப் பார்க்கலாம். இரண்டும் வேண்டும்.

உரலைப் பார்த்துவிட்டுச் சாமையைப் பேசுங்கள்

2023-ம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்கு முன்பிருந்தே எல்லா மேடையிலும் சாமை, தினை, வரகு பேசப்படுகிறது. "இவ்வளவு நல்ல தானியத்தை விட்டுவிட்டு ஏன் மரவள்ளிக்குப் போனீர்கள்?" என்று மலை மக்களிடம் கேட்பது புதியவர்களின் வழக்கம். அந்தக் கேள்விக்கு நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ஏற்கெனவே பதில் கிடைத்திருக்கிறது.

அங்கும் மலையாளி மக்கள்தான். அங்கும் சாமை குறைந்து மரவள்ளி கூடியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல ஆண்டுகள் தங்கி வேலை செய்தபோது, மரவள்ளிக்குக் கையில் காசு கிடைப்பது ஒரு காரணம் என்றும், சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் பாடு இன்னொரு காரணம் என்றும் தெரிந்தது. கேழ்வரகை அப்படியே அரைத்துவிடலாம். சாமையை உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும். பகலெல்லாம் கொல்லையில் உழைத்த பெண்ணுக்கு இது இரண்டாவது வேலை. சிறுதானியம் உடைக்கும் சிறு இயந்திரங்களை உள்ளூர்க் குழுக்களிடம் கொடுத்து நடத்தச் செய்ததும், விதையைச் சேமித்துப் பகிர ஏற்பாடு செய்ததும், மதிப்புக் கூட்டி விற்றதும் சேர்ந்துதான் அங்கே ஒரு வழி பிறந்தது. ரகத்தை மட்டும் மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது.

ரகம் தேவையில்லை என்பதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையத்திலிருந்து வந்த ஏ.டி.எல். 1 சாமை ரகம் 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும். மானாவாரிக்கு ஏற்றது. ஆனால் அதை முதல் ஆண்டே ஒருவருடைய முழு நிலத்திலும் போடச் சொல்லாதீர்கள். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு சுமார் 4 கிலோ விதை என்றால், 5 சென்ட் நிலத்துக்கு 200 கிராம் போதும். அந்த 200 கிராமை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். பக்கத்திலேயே அவர்களுடைய நாட்டு ரகம் அதே நாளில், அதே உழவில் நிற்கட்டும். விளைச்சலை மட்டும் பார்க்காமல் வைக்கோலை மாடு விரும்பித் தின்கிறதா, சோறு எப்படி இருக்கிறது, மழையில் சாய்ந்ததா என்பதையும் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அடுத்த ஆண்டு அவர்களாகவே விதை கேட்டால் அதுதான் வெற்றி.

வெளியாள் எதற்குப் பயன்படுவார்?

எல்லாம் ஊருக்கே தெரியும் என்றால் தன்னார்வலர் எதற்கு? ஊருக்குத் தெரியாத ஒன்று எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவைத்திருப்பதற்கு. மரவள்ளி மாவுப்பூச்சியின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கானவர்கள் சாப்பாட்டுக்கு நம்பியிருந்த மரவள்ளியை அழித்தது. விஞ்ஞானிகள் பூச்சியின் சொந்த நாட்டுக்குப் போய்த் தேடினார்கள். பராகுவே நாட்டில் அந்தப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு மிகச் சிறிய குளவி கிடைத்தது. 'அனாகைரஸ் லோபசி' என்று அதற்குப் பெயர். 1981 முதல் அது ஆப்பிரிக்க நாடுகளில் விடப்பட்டது. பூச்சி கட்டுக்குள் வந்தது. இந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-ம் ஆண்டில் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே மாவுப்பூச்சி 2020-ம் ஆண்டில் கேரளத்தில் தென்பட்டு, பிறகு தமிழகத்துக்கும் பரவியது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்தது. 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது. ஏத்தாப்பூர் கல்வராயன் மலைக்குத் தெற்கே, ஆத்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது.

மரவள்ளியின் குருத்து இலைகள் சுருண்டு, கொத்தாகி, கணுக்கள் நெருங்கி நின்றால் ஊர்க்காரருக்கு அது தெரியும். பக்கத்துக் கடையில் கேட்டு ஏதாவது ஒரு மருந்தை வாங்கி அடிப்பார். அந்த மருந்து குளவியையும் கொன்றுவிடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். குளவி எங்கே கிடைக்கும் என்பதும் தெரியாமல் இருக்கலாம். அந்த இடத்தில்தான் நீங்கள் வேண்டும். பாதித்த குருத்தோடு அவரையே ஏத்தாப்பூருக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் மட்டும் போய்க் கேட்டு வந்து சொல்லாதீர்கள். அடுத்த முறை நீங்கள் இல்லாதபோதும் அவருக்கு வழி தெரிய வேண்டும். பூச்சி தாக்கிய தோட்டத்திலிருந்து விதைக்கரணை எடுக்கக் கூடாது, பாதித்த குச்சிகளை வரப்பில் போடாமல் அழித்துவிட வேண்டும் என்பதை ஊர் முழுவதும் சேர்ந்து செய்ய வைப்பதும் உங்களால் முடிகிற வேலை.

இதேபோல லேம்ப் கூட்டுறவுச் சங்கத்தில் கடுக்காய், புளி, தேனுக்கு என்ன விலை, கீழே சந்தையில் என்ன விலை என்று வாரம் ஒருமுறை பலகையில் எழுதிப் போடலாம். வன உரிமைச் சட்டம் 2006-ன் கீழ் விண்ணப்பம் எழுதத் துணை நிற்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும் என்பதை நினைவூட்டி, பெண்களையும் வரச் செய்யலாம். எதையும் அவர்களுக்காக நீங்கள் பேசாமல், அவர்களே பேசும்படி செய்யுங்கள்.

சிட்லிங்கி காட்டும் வழி

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதியர் 1990-களின் தொடக்கத்தில் அங்கே வந்தார்கள். அப்போது அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. மருத்துவமனைக்கு ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி அரூருக்குப் போக வேண்டும். பெரிய கட்டடத்தோடு அவர்கள் தொடங்கவில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து கட்டிய ஒரு குடிசையில்தான் மருத்துவம் தொடங்கியது. வெளியிலிருந்து செவிலியரை அழைத்து வராமல், அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். குழந்தை இறப்பு படிப்படியாக வெகுவாகக் குறைந்தது.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. மருந்து கொடுத்தும் உடம்பு தேறாததற்குச் சாப்பாடும், அந்தச் சாப்பாட்டைத் தீர்மானிக்கும் பயிரும் காரணம் என்று பல ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்த பிறகு அவர்கள் கண்டார்கள். சிறுதானியத்தை விட்டுப் பணப்பயிருக்கும், பூச்சிமருந்துச் செலவுக்கும், கடனுக்கும் குடும்பங்கள் போயிருந்தன. வந்து பத்தாண்டு கழித்துத்தான் இயற்கை விவசாயப் பணி தொடங்கியது. விரல்விட்டு எண்ணக்கூடிய விவசாயிகளோடு தொடங்கி, பல நூறு பேர் கொண்ட சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கமாக அது வளர்ந்தது. சிறுதானியத்தை உடைத்து, பொட்டலமிட்டு, அவர்களே விற்கிறார்கள். முதல் மாதமே டாக்டர்கள் வந்து "ரசாயன உரம் போடாதே" என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

எல்லோராலும் முப்பது ஆண்டு தங்க முடியாது. ஆறு மாதமோ ஓராண்டோ தங்குகிறவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம். முதலில் ஊர் கேட்கும் உதவி, பிறகு ஊர் மனிதர்களுக்குப் பயிற்சி, கடைசியில்தான் நமது யோசனை.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை

தன்னார்வலர் வந்து இறங்கினால் ஊரும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். எத்தனை மாதம் இருப்பீர்கள்? உங்கள் செலவு யாருடையது? நீங்கள் சொல்வதைச் செய்து நட்டமானால் யார் பொறுப்பு? எடுக்கும் புகைப்படமும் எழுதும் கணக்கும் எங்கே போகும்? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்கிறவரை நம்பி இடம் கொடுக்கலாம். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் ஆதார் அட்டை நகலோ, பட்டா நகலோ, கைநாட்டோ கொடுக்க வேண்டாம்.

அதேபோல, நம்பி வந்த பிள்ளைகளைச் சும்மா உட்காரவைத்து உபசரிப்பதும் சரியல்ல. களைக்கொத்தைக் கையில் கொடுங்கள். விதை எப்படிப் பொறுக்குகிறோம், மழை வருவதை எதை வைத்துச் சொல்கிறோம், எந்த மண்ணில் எது நிற்காது என்று சொல்லிக்கொடுங்கள். அவர்களில் பலர் நாளைக்கு வேளாண் அலுவலர்களாகவும் விஞ்ஞானிகளாகவும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்கள். மானாவாரி என்றால் என்ன என்பதை அவர்கள் உங்கள் கொல்லையில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கிளம்புவதற்கு முன்

தங்கும் காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே கிளம்பும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். நீங்கள் செய்துவந்த ஒவ்வொரு வேலைக்கும் ஊரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். விலைப் பலகை எழுத ஒரு மாணவி, விதைக் கணக்குக்கு ஒரு குழுத் தலைவி, ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் வர ஓர் இளம் விவசாயி என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் பொது இடத்தில் ஒட்டுங்கள். உங்கள் பன்னிரண்டு பக்க நோட்டின் ஒரு நகலை ஊராட்சியிலும், இன்னொன்றை வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்து வருகிறவர் அதே கேள்விகளை அதே மக்களிடம் மறுபடி கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டியிருக்காது.

பயிர் பொய்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். எந்தச் சரிவில், எந்தப் பட்டத்தில், எந்த ரகம் ஏன் வரவில்லை என்ற ஒரு வரி, மலையில் இன்னொரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பைக் காப்பாற்றும்.